மரத்தட்டிக்குப் பின்னால்

அன்வர் பாட்சாவின் வாயைத் தைக்க ஊசிநூல் கிடைத்தால் தேவலை என்றிருந்தது அக்கா கௌசியாவுக்கு.

சேலத்தில் தோல்மண்டி வைத்திருந்த பாட்டனார் கட்டிய வீடு. அதைப் பற்றிப் புத்தகம் போட ஜோஸ்லின் என்ற காலேஜ் டீச்சர் வந்திருந்தாள். கூடத்தில் அவளை உட்காரவைத்து, பர்மா தேக்குத் தூண், முட்டைவெள்ளை சேர்த்துப் பூசிய சுவர், இங்கே வாழ்ந்து மறைந்த ஆண்கள் ஒவ்வொருவரின் பெருமை என்று அன்வர் அளந்துகொண்டிருந்தான். கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவே பூவேலை செதுக்கிய மரத்தட்டி. அதன் பின்னால் கௌசியாவும் அன்வரின் மகள் ஷிரீனும் நின்றிருந்தார்கள்.

"இது எதுக்குங்க?" ஜோஸ்லின் தட்டியைக் காட்டினாள்.

"பொம்பளைங்க அங்கிருந்து எல்லாம் கேப்பாங்க. அவுங்களக் கேக்காம இந்த ஊட்டுல ஒரு முடிவும் எடுத்ததில்லைங்க."

அடப்பாவி! கூசாமல் சொல்கிறானே! கௌசியாவுக்குப் பற்றி எரிந்தது. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பத்தாவதில் பள்ளிக்கே முதல் மார்க் வாங்கிவிட்டு, மேலே படிக்கிற விண்ணப்பப் பாரத்தைத் தகப்பனார் கையெழுத்துக்காகக் கொடுத்தனுப்பி, இதே தட்டிக்குப் பின்னால்தான் நின்றாள். "படிச்சது போதும்" என்றார் அத்தா. இவளை எவன் கேட்டான்? நேற்று இதே கூடத்தில் அதே வார்த்தையைத்தான் அன்வர் ஷிரீனுக்குச் சொன்னான்.

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஷிரீனின் கையைப் பிடித்து விறுவிறுவென்று கூடத்துக்குள் நடந்தாள்.

"கேக்காம முடிவெடுத்ததில்லையா? எங்க, இப்பக் கேளு! இந்தம்மா முன்னாடியே கேளு!"

"அக்கா, வந்தவங்க முன்னாடி..."

"வந்தவங்க முன்னாடிதானடா முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற!"

ஜோஸ்லின் ஷிரீனைப் பார்த்தாள். "என்னம்மா?"

"ஓமலூர்ல நர்சிங் சீட்டு கெடச்சிருக்குங்க. நாளைக்குக் கடைசி நாள். அத்தா கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க." மடித்து வைத்திருந்த பாரத்தை நீட்டினாள்.

ஜோஸ்லின் தன் பேனாவை அன்வரிடம் கொடுத்தாள். "நீங்க சொன்னதத்தான் எழுதியிருக்கேன் சார். அப்படியே வச்சுக்கட்டுங்களா?"

அன்வரின் முகம் கறுத்தது. மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டான்.

ஷிரீன் பாரத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். கௌசியா சிரித்திருக்க வேண்டும். ஆத்திரம் இன்னும் கூடியது. கிறுக்கி முடிக்க எண்ணி மூன்று நொடி. அன்றைக்கு அத்தாவுக்கும் அவ்வளவுதானே ஆகியிருக்கும்?