அடுத்தவன் அடைத்த தோட்டா

இப்போதெல்லாம் ஆட்களுக்குப் பயமே இல்லை. துப்பாக்கிச் சந்தையில் எவனோ முகம் தெரியாதவன் பிளாஸ்டிக் பையில் போட்டு விற்கிற தோட்டாவை வாங்கி வந்து, அன்று மாலையே தாத்தா காலத்துத் துப்பாக்கியில் போட்டுச் சுடுகிறார்கள். உள்ளே என்ன வெடிமருந்து, எவ்வளவு மருந்து, அடைத்தவன் அன்று குடித்திருந்தானா, பெண்டாட்டியோடு சண்டை போட்டிருந்தானா, ஒரு கேள்வி கிடையாது. தர்பூசணி வாங்கினால் மட்டும் நாலு தட்டு தட்டிப் பார்ப்பார்கள்.

நான் அடைத்ததை மட்டும்தான் நான் சுடுவேன். எங்கள் பென்சில்வேனியா மலைப் பக்கத்தில் பழைய துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான். ஓர்வில் டிட்ஸ்லரும் அப்படித்தான். அவன் வீடு என் புல்வயலுக்கு அந்தப் பக்கம். இருவருக்கும் ஒரே பைத்தியம்: இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் செய்த, துளை குறுகிய குழல் உள்ள, போல்ட் என்கிற கைப்பிடியைப் பின்னால் இழுத்துச் சுடும் துப்பாக்கிகள். அந்தக் குழலுக்கு இன்றைக்குக் கடையில் கிடைக்கிற குண்டு ஒரு மயிரிழை பருமன் அதிகம். அதனால் சுட்ட பித்தளைக் கூட்டையே கழுவி, அளவுக்கு நெருக்கி, அடியில் பொறி கிளப்பப் புதுக் கேப் வைத்து, மருந்து போட்டு, ஒல்லிக் குண்டாகத் தேடிப் பிடித்துச் சொருகிக்கொள்வோம்.

கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு பெட்டி அடைத்து மற்றவனுக்குக் கொடுப்போம். கொடுத்ததை எவனும் சுட மாட்டான். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, மருந்தைப் புல்தரையில் உரமாகத் தூவிவிட்டு, கூட்டையும் குண்டையும் எடுத்துக்கொள்வான். அதில் எங்களுக்குள் கோபம் கிடையாது. கூடு நல்ல கூடு, போதும்.

போன குளிர்காலத்திலிருந்து ஓர்விலுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தான். ஒருமுறை அடுப்பை அணைக்காமல் அஞ்சல் பெட்டிவரை போய்விட்டான். அது எப்படியோ அவன் மகள் லொரெய்ன் காதுக்குப் போயிற்று. அவள் ஆல்டூனாவில் மருத்துவமனைத் தாதி. சனிக்கிழமை காலையில் காலி அட்டைப் பெட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு வந்தவள், நேராக என் வாசலுக்கு வந்தாள்.

“ரஸ் அங்கிள், கொஞ்சம் வாங்க. அப்பாவோட தோட்டா மேசை, மருந்து டப்பா எல்லாத்தையும் இன்னைக்கு நான் எடுத்துட்டுப் போகப்போறேன். அவரு என்னடான்னா, ரஸ் பாத்துச் சொல்லட்டும், அப்பத்தான் தருவேன்னு உக்காந்திருக்காரு.”

“உங்க வீட்டுச் சண்டையில நான் எதுக்கு?”

“உங்களுக்கு யார் மேலயும் நம்பிக்கை கிடையாதாமே. அதுக்குத்தான். அவரு அடைச்சது சரின்னு நீங்க சொன்னா, மேசை அங்கயே கிடக்கட்டும். ஒண்ணு தப்பா இருந்தாலும் நான் தூக்கிட்டுப் போயிடுவேன்.”

போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

ஓர்வில் நிலவறையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தட்டில் பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டை.

“வாய்யா நீதிபதி,” என்றான். “பூட்ஸைத் துடைச்சிட்டு வா. இவ இப்பத்தான் தரையைக் கூட்டினா.”

“என்ன அடைச்சிருக்க?”

“அணிலுக்கு. போன வாரம்.”

அணில் தோட்டா என்பது சத்தம் குறைவாகச் சுடுவதற்கு. வேகமாக எரிகிற கைத்துப்பாக்கி மருந்தில் ஒரு சிட்டிகைதான் போடுவது. கூட்டில் பாதிக்கும் கீழே நிற்கும். மறந்துபோய் இரண்டு தடவை போட்டாலும் வழியாது, வெளியே தெரியாது. சுட்டால்தான் தெரியும். துப்பாக்கி பிளந்தால் முகத்துக்குப் பக்கத்தில்தான் பிளக்கும்.

லொரெய்னிடம் இதைச் சொன்னேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றாள்.

தோட்டா பிரிக்கிற சுத்தியலை எடுத்தேன். தலைப்பக்கம் குழாய்போல இருக்கும். அதற்குள் தோட்டாவை மாட்டிக் கட்டையில் அடித்தால் குண்டும் மருந்தும் கழன்று உள்ளே விழும். முதல் தோட்டா. ஒரு தோட்டாவுக்கான எடைக்குத் திருப்பி வைத்திருந்த தராசின் தட்டில் மருந்தைக் கொட்டினேன். முள் சரியாக நடுவில் நின்றது. அடுத்தது, அதுவும் சரி. அதற்கடுத்ததும் சரி.

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடித்தேன், எடை போட்டேன், எழுந்து சின்ன ஜன்னல்வரை போனேன், திரும்பி வந்து அடித்தேன். ஒன்றாவது தப்பாக இருந்துவிட்டால் இந்த வேலை முடிந்துவிடும் என்றிருந்தது. இருந்துவிடக்கூடாது என்றும் இருந்தது.

“கொஞ்சம் உக்காருய்யா,” என்றான் ஓர்வில். “உன்னைப் பாத்தா எனக்குக் கிறுகிறுன்னு வருது. இந்தா, முட்டை தின்னு.”

“வேண்டாம்.”

“முட்டையையும் பிரிச்சுப் பாத்துட்டுத் தின்னுக்கோ. யாரு வேண்டாங்கறா?”

லொரெய்ன் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெட்டி காலியாயிற்று. எல்லாமே சரி. தராசில்தான் கோளாறு என்று நினைத்து, சட்டைப் பையிலிருந்து என் சொந்த எடைக்கல்லை எடுத்து வைத்துப் பார்த்தேன். தராசும் சரி.

“அப்ப?” என்றாள் லொரெய்ன்.

“இது போன வாரம் அடைச்சது. அடுத்த வாரம் எப்படி அடைப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அதை யாரைப் பத்தித்தான் சொல்ல முடியும், அங்கிள்? சரியா, தப்பா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

நான் வாயைத் திறக்குமுன் ஓர்வில் எழுந்தான். அலமாரி மேல்தட்டிலிருந்து ஒரு மாத்திரைக் குப்பியை எடுத்தான். உள்ளே மாத்திரை இல்லை, கொஞ்சம் வெடிமருந்து. நடுங்கும் கையோடு தராசுத் தட்டில் கவிழ்த்தான். ஒரு துளியும் சிந்தவில்லை. முள் மேலே போய் இடித்துக்கொண்டு நின்றது.

“என்ன இது?” என்றேன்.

“நீ கிறிஸ்துமஸுக்குக் குடுத்த பெட்டி. அதுல ஒண்ணுக்குள்ள இருந்தது. ரெண்டு பங்கு.”

“என்னுது இல்ல.”

“உன்னுதுதான்.”

“மருந்து டப்பாவை நாம பாதி பாதி பங்கு போட்டுத்தான வாங்கினோம்? உன் மருந்தும் இதே நிறம்தான். நீயே எடுத்துப் போட்டு வெச்சிருப்ப.”

“நான் எதுக்குய்யா போடணும்?”

“எனக்கென்ன தெரியும்? அப்படியே இருந்தாலும் இவ்வளவு நாளா ஏன் சொல்லல?”

“சொன்னா நீ நம்பிடுவியாக்கும்?” என்றான் ஓர்வில். வாளிமேல் மறுபடி உட்கார்ந்தான். “ஒவ்வொரு தடவையும் நீ சுடக் கிளம்பும்போது அந்த ஜன்னல்கிட்ட வந்து நின்னுக்குவேன். சத்தம் சரியா வருதான்னு. என்னோட காப்பி எத்தனை ஆறிப்போச்சு தெரியுமா?”

மேலே குளிர்பதனப் பெட்டி உறுமியது. லொரெய்ன் தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “ரஸ் அங்கிள், உங்க மேசையை யாரு பாக்கறா?”

“என் மேசையைப் பாக்க யாரும் வேண்டாம். எனக்குக் கை நடுங்கல.”

“அவன் மேசைகிட்ட நீ போகாத,” என்றான் ஓர்வில் மகளிடம். “கடிச்சு வெச்சிடுவான்.”

அவள் இன்னும் என் பதிலுக்காகத்தான் நின்றாள். காலி அட்டைப் பெட்டிகள் மாடிப்படி அடியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேசையும் தராசும் அந்தக் குப்பியும் காரில் ஏறிவிடும். பிறகு அதைப்பற்றி எவனும் பேசப்போவதில்லை. ஓர்வில் என்னைப் பார்க்கவில்லை. பிரித்துப்போட்ட குண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மரக்கட்டையின் குழிகளில் வைத்துக்கொண்டிருந்தான். கை நடுங்கியது. ஆனால் குண்டு எதுவும் குழியைத் தவறவில்லை.

“மேசை இருக்கட்டும்,” என்றேன். “இந்தப் பெட்டியில எனக்குத் தப்பு கிடைக்கல.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“நீயுந்தான கூட நின்ன.”

அவள் அட்டைப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினாள். ஓர்வில் குப்பி மருந்தை ஒரு காகிதத்தில் மடித்து என் பக்கம் நீட்டினான். “எடுத்துட்டுப் போ. உன் தராசுல போட்டுப் பாரு.”

“எனக்கு வேண்டாம். அது என்னுது இல்ல.”

“அப்ப புல்லுக்குப் போட்டுடறேன். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பெட்டி உண்டுதான?”

நான் படியேறினேன். வயலில் புல் முழங்கால்வரை வளர்ந்திருந்தது. சாயங்காலம் வயலில் வளை தோண்டுகிற கிரவுண்ட்ஹாக் சுடலாம் என்று காலையிலேயே கொஞ்சம் தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். நானே அடைத்தது. பாதி வயலில் ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினேன். அளவாகப் போட்டிருந்தால் மருந்து உள்ளே உருளும். அந்தச் சத்தம் கேட்டமாதிரியும் இருந்தது, கேட்காதமாதிரியும் இருந்தது. காற்று வேறு. இன்னொன்றை எடுத்துக் குலுக்கினேன்.

திரும்பினால் ஓர்வில் அந்தச் சின்ன ஜன்னலில் நிற்பான். திரும்பவில்லை. அந்த மருந்து அவனுடையதுதான். வேறு எப்படி அங்கே வரும்? தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.