கொளஞ்சியம்மாளின் வெளி விலாசம்

சுப்பராயலு எதை வாங்கினாலும் அதற்குக் காலமான தன் அம்மாவின் பெயரைத்தான் வைப்பார். லாரிக்குப் பெயர் கொளஞ்சியம்மாள், கிடங்குக்கும் கொளஞ்சியம்மாள். கடலூர் முதுநகரில் இருக்கும் அவருடைய இறால் தீவனக் கம்பெனிக்கு சர்வர் வந்தபோது அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்து அதே பெயரை அடிக்கச் சொன்னார். அடித்தவள் கயல்விழி. பில் கவுண்ட்டரில் இருந்தபடியே படித்துத் தேறி, சர்வர் அறைக்கு வந்து சேர்ந்தவள்.

இப்போது அந்த அறை நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்துவிட்டது. சிதம்பரத்தில் புதுக் கிளை திறந்தாகிவிட்டது. எந்தத் தீவனம் எவ்வளவு இருப்பு என்கிற ரிப்போர்ட்டெல்லாம் கடலூர் சர்வரில் இருக்கிறது. வெளியாள் நேராக அதைத் தொட முடியாது. நடுவே ஃபயர்வாலின் ப்ராக்ஸி காவலுக்கு நிற்கிறது. அதனிடம் கேட்டால் உள்ளே போய் வாங்கி வந்து கொடுக்கும். சிதம்பரத்தில் முதல் பக்கம் அழகாகத் திறந்தது. அடுத்த பக்கத்தை அழுத்தினால் வெறும் வெள்ளைத் திரை.

"சாயங்காலத்துக்குள்ள ஆவலன்னா சென்னை கம்பெனிகிட்ட குடுத்துடறேம்மா," என்று சுப்பராயலு கவுண்ட்டர் சாவியை அவள் மேசையில் வைத்தார். "நீ பழையபடி பில் போடு. சம்பளம் கொறைக்க மாட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தக் கடைசி வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது.

காலையிலிருந்து ஃபயர்வாலின் விதி ஒவ்வொன்றையும் பிரித்து மேய்ந்தாள். ப்ராக்ஸியைச் சந்தேகப்பட்டாள், கேபிளைச் சந்தேகப்பட்டாள், தன் படிப்பையே சந்தேகப்பட்டாள். ஆனால் அவள் மேசையில் திறந்தால் எல்லாப் பக்கமும் சமர்த்தாக வந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான், அது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

மதியம் சிதம்பரம் கிளை மேனேஜர் வெங்கட்ராம் போன் செய்தார். கீழவீதிக்காரர், கம்பெனிக்குப் புதியவர்.

"கிள்ளை ஊர்லேருந்து இறால் பண்ணைக்காரங்க வந்து நிக்கறாங்க மேடம். என்ன பதில் சொல்றது?"

"அடுத்த பக்கம் அழுத்துங்க சார். மேல வர்ற விலாசத்த அப்படியே படிங்க."

"மொதல்ல நீங்க குடுத்த விலாசம் இருந்துச்சு. இப்ப கொளஞ்சியம்மாள்னு வருது. யாரு மேடம் அவுங்க?"

கயல்விழிக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, சிரிப்பும் வந்தது. கடலூர் ஆபீசில் இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். வெளியூரிலிருந்து வழி கேட்பவரிடம் "நம்ம கொளஞ்சியம்மா வீட்டுக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பது போல, சர்வர் அடுத்த பக்கத்துக்கு வழி சொல்லும்போதெல்லாம் தன் வீட்டுப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு அது போதும். சிதம்பரத்துக்கு எப்படித் தெரியும்? அவளும் உள்ளே உட்கார்ந்துகொண்டே சோதித்துப் பார்த்திருக்கிறாள்.

விஷயத்தைக் கேட்ட சுப்பராயலுவின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப அம்மா பேர எடுக்கணுமா?"

"வேணாங்கய்யா. உள்ள அவுங்க பேரு அப்படியே இருக்கட்டும். வெளியாளு கேட்டா வாசல் விலாசத்த சொல்லுன்னு எழுதிட்டா போதும்."

ரிப்போர்ட் சர்வரின் அமைப்புக் கோப்பில் வெளி விலாசத்துக்கென்று இருந்த இடம், சர்வர் வந்த நாளிலிருந்து காலியாகவே கிடந்தது. அதில் ப்ராக்ஸியின் விலாசத்தை அடித்தாள். சர்வீஸை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டாள். சுப்பராயலு பக்கத்திலேயே நின்றார்.

"இப்ப அழுத்துங்க சார்."

"வந்துடுச்சு," என்றார் வெங்கட்ராம். "அடுத்ததும் வருது. கடைசிப் பக்கம் வரைக்கும் ஓடுது மேடம்." அவருக்குப் பின்னால் பண்ணைக்காரர்கள் எனக்கு முதலில் சொல்லு, எனக்கு முதலில் சொல்லு என்று முண்டுவது போனில் கேட்டது. அந்தச் சத்தம் கயல்விழிக்கு நாதஸ்வரமாக இனித்தது.

சுப்பராயலு அங்கேயே நின்றபடி சென்னைக்குப் பேசினார். "நீங்க வர வேணாம் தம்பி. எங்க ஆபீஸ்லயே ஆளு இருக்கு."

கயல்விழி கவுண்ட்டர் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மங்கலம்பேட்டைலயும் கிளை தொறக்கறேம்மா. அதுக்குத் தனி சர்வர். அதையும் நீதான் பாக்கணும்."

"பாக்கறேங்கய்யா. கொளஞ்சியம்மாள் ரெண்டுன்னு பேரு வெச்சிடட்டுமா?"

அவர் வேண்டாமென்று தலையாட்டினார்.

"உங்கம்மா பேரு என்னம்மா?"

"ரத்தினம்மாள்," என்றாள்.

"அதையே அடிச்சிடு," என்றார் சுப்பராயலு.