என் பெயரில் இருந்த கார்

என் கணவர் தேவப்பிரியம் 2004-இல் ஒரு பழைய மாருதி காரை வாங்கினார். திருவொற்றியூரில் எங்களுக்கு மொத்த மளிகைக் கடை. அதுவரை மாத்தூர், மணலி பக்கம் ஸ்கூட்டரில் போய் ஆர்டர் எடுத்து வருவார். சர்க்கரை நோய் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. காலில் வந்த புண் ஆற நாலு மாதம் பிடித்தது. இனி ஸ்கூட்டர் வேண்டாம் என்றார் டாக்டர்.

அவருக்கு இருந்த கவலை இன்சூரன்ஸ்தான். முன்பு ஆயுள் காப்பீடு எடுக்கப் போனபோது, ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டவேண்டிய தொகையை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்கிவிட்டார்கள். எடுக்காமலே வந்துவிட்டார். காருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவராகவே முடிவு செய்தார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சர்க்கரை இருப்பது வெளியே தெரிந்துவிடும். கடனுக்குச் சரக்குத் தருகிற வியாபாரிகள், இந்த ஆள் எத்தனை நாளைக்கு என்று யோசிப்பார்கள். எங்களைப் போன்ற கடைக்காரர்கள் யாரும் சீக்கை வெளியே சொல்லமாட்டார்கள்.

"ஏட்டி ஜெயக்கொடி, கார உன் பேர்ல எழுதிருவோம். உனக்குத்தான் தலைவலிகூட வராதே."

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

"முதலாளியம்மா எதுக்கு ஓட்டணும்? பின்னால உக்காந்து வா."

ராயபுரத்து ஏஜெண்ட் வால்டர் கடைக்கு வந்து, அரிசி மூட்டைமேல் வைத்தே படிவத்தை நிரப்பினார்.

"ஓனரு அக்காவா? லைசென்ஸ் கீதா?"

"அவ ஓட்டுனா திருவொத்தியூரே காலி."

"அப்ப ஓனரு ஓட்டி செத்தா பணம் குடுக்குற கவரு போட முடியாதுண்ணே. நூறு ரூவா மிச்சம் உனுக்கு."

"மிச்சம்னா சரிதான்."

வால்டர் சர்க்கரையைப் பற்றிக் கேட்கவில்லை. தப்பித்துவிட்டதாக என் கணவர் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தார்.

அடுத்த வருடம் ஆகஸ்டில், எண்ணூர் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குள் போக வரிசையில் நின்ற கண்டெய்னர் லாரியின் பின்னால் அவர் ஓட்டிய கார் மோதியது. காலை பதினொரு மணி. பிரேக் பிடித்த தடமே இல்லை என்றார் போலீஸ்காரர். மயக்கம் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் கடையைத் திறந்தேன். பருப்பைச் சரியாக நிறுத்துக் கொடுத்தேன். அழுததாக ஞாபகம் இல்லை.

மகள் ஷெர்லினுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பணம் கட்ட எட்டு நாள்தான் இருந்தது. இன்சூரன்ஸை நம்பி யாராவது கைமாற்றாகத் தருவார்கள் என்று நினைத்து வால்டரை வரச் சொன்னேன்.

"காருக்குக் கொஞ்சம் வரும்க்கா. அண்ணனுக்கு வராது. வண்டி அவரு பேர்ல இருந்திருந்தா ரெண்டு லட்சம்."

"அவுகளுக்குச் சக்கரை உண்டே. நெறைய கட்டச் சொல்லியிருப்பாங்கல்லா?"

"கார் ஃபாரத்துல சுகரு எங்கக்கா கேக்குறான்? எஞ்சின் நம்பரு கேப்பான், கலரு கேப்பான். இதுக்கா உன் பேர்ல எழுதுனீங்க? என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவரிடமிருந்த வெற்றுப் படிவத்தை வாங்கி முழுதும் படித்தேன். உடம்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பிறகு விபத்துப் படிவத்தை எடுத்து வைத்தார். ஓட்டியவர் யார் என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. வால்டர் குரலைத் தாழ்த்தினார்.

"சம்பள டிரைவர்னு எழுதுக்கா. நீ முதலாளி, அண்ணன் உன்னாண்ட வேலைக்கு இருந்தாரு. டிரைவர் செத்தா நஷ்டஈடு உண்டு, அந்த வழியில ஏதாவது வாங்கலாம். பாப்பா படிப்புக்குத்தான் சொல்றேன்."

"மாசம் எவ்வளவுன்னு போட?"

"மூவாயிரம் போடு."

பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். ஷெர்லின் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சம்பள டிரைவர் என்று எழுத முதல் எழுத்தைக்கூடத் தொடங்கினேன். அதை அடித்துவிட்டுக் 'கணவர்' என்று எழுதினேன்.

"இன்னாக்கா நீ," என்றார் வால்டர். படிவத்தை மடித்துக்கொண்டு போனார்.

கெடுவின் ஏழாம் நாள் என் வளையல்கள் நாலையும் விற்று ஷெர்லினைக் கல்லூரியில் சேர்த்தேன்.