பாக்கி நோன்பு

"டீச்சர், உங்களுக்கு மட்டும் ஏன் குளிருது?"

மூன்றாம் வகுப்பு சானியா இப்படிக் கேட்டபோது வகுப்பே சிரித்தது. உத்தமபாளையத்துப் பங்குனி வெயில் கூரையைச் சுட்டுக்கொண்டிருக்க, ஞானசெல்வி டீச்சர் கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சருக்கு மூணாறுல வீடுடி" என்றது பின்வரிசை.

ஞானசெல்வியும் சிரித்தாள். வெளியே வந்த குரல் அவளுடையதாக இல்லை. தடித்து, கரகரத்து, யாரோ அவளுக்குள் இருந்து சிரித்ததுபோல் இருந்தது.

பல வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டும் களைப்பு தீரவில்லை. நோயின் வேர்க்காரணத்தைத் தேடும் மருத்துவம் என்று யாரோ சொல்ல, டாக்டர் அருண் ஜோசப்பிடம் போனிலே பேசினாள். அவர் தூக்கம், வயிறு, கவலை எல்லாவற்றையும் பொறுமையாக விசாரித்தார்.

"உங்க உடம்போட காவல்படையே தைராய்டை எதிரின்னு நெனச்சுத் தாக்குதும்மா. கோதுமை, சீனி ரெண்டையும் கொஞ்ச காலம் விட்டுப் பாப்போம்" என்றார். மாத்திரையை விடச் சொல்லவில்லை.

அவள் மனத்தில் தங்கியது ஒன்றுதான்: என் உடம்பே எனக்குப் பகை. எந்தப் பாவத்துக்கு?

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோதுமையையும் சீனியையும் விட்டாள். போதாது என்று தோன்றியது. ஊரார் கறியும் மீனும் விடுகிறார்கள். நான் எதை நம்பி எழுந்து நடக்கிறேனோ அதையல்லவா விட வேண்டும்? மாத்திரை டப்பாவை மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். சொன்னால் ஒறுத்தலின் பலன் போய்விடும் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வாரங்கள் போகப் போக முகம் ஊதியது. சுண்ணக்கட்டி கையிலிருந்து தானாக நழுவியது. சிலுவைப்பாதை வழிபாட்டில் பாட வாயெடுத்தால் சத்தம் எழவில்லை. நெஞ்சில் கை வைத்தால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் அது வருமா வராதா என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

சானியா கேள்வி கேட்ட அன்று அவளை அழைத்துப்போக அவள் அம்மா ரஃபியா வந்தாள்.

"என்ன டீச்சர், மூஞ்சி இப்பிடி ஊதிக் கெடக்கு? தைராய்டு மாத்திரை போடுறீகளா?"

எதிரே நிற்பவளின் பெயர் ஞானசெல்விக்கு நினைவுக்கு வரவில்லை. அந்தப் பயத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது. "தவக்காலம்... விட்டுட்டேன்."

"அடி ஆத்தே! நானும் தைராய்டுக்காரிதான். விடியுமுன்ன அதை முழுங்கிட்டுத்தான் நோன்பு பிடிக்கிறேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டக் கேட்டேன். மருந்தை விட்டுறாதம்மா, சீக்காளிக்கு ஆண்டவன் எளிசாத்தான் வச்சிருக்கான்னு சொன்னாக. நீங்க ஒரு வார்த்தை யாருகிட்டயாச்சும் கேட்டிருக்கக் கூடாதா?"

ஆட்டோவில் ஞானசெல்வி அவள் கையை விடவே இல்லை. "செத்துருவேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"இன்னும் தள்ளிப் போட்டிருந்தா நெனவே தப்பியிருக்கும்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்க, மருந்து வாங்க என்று ரஃபியாதான் வெயிலில் ஓடினாள். கடைசியில் அவளே தலைசுற்றிச் சுவரோடு சரிந்தாள். நர்ஸ் அதட்டினாள்: "சீக்காளி அவுகளா, நீங்களா? மொதல்ல தண்ணியக் குடிங்க!"

ரஃபியா குடித்தாள். நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் வெகுநேரம் இருந்தது.

"என்னால ஒங்க நோன்பு போச்சே" என்று அழுதாள் ஞானசெல்வி.

"ஒண்ணு பாக்கி நிக்கிது. பெருநாள் கழிச்சுப் பிடிச்சுக்கிறேன். அல்லா என்ன கந்துவட்டியா கேக்கப் போறான்?"

மறுநாள் விஷயம் தெரிந்ததும் அருண் ஜோசப் போனில் பதறினார். "சாப்பாடு மாத்திரைக்குத் துணைக்கு வர்றதும்மா. அதோட எடத்துல ஒக்கார வரல. நானும் அடிச்சுச் சொல்லியிருக்கணும்."

ஈஸ்டர் முடிந்தது. குரல் மெல்லத் திரும்பியது. பயம் மட்டும் முழுதாகப் போகவில்லை. ஒருநாள் சானியா சொன்னாள்: "டீச்சர், பெருநாள் முடிஞ்சும் எங்கம்மா நாளைக்கு நோன்பாம்! ஆஸ்பத்திரி நோன்பாம்!"

மறுநாள் விடியுமுன் ஞானசெல்வி மாத்திரையை எடுத்தாள். அதை உள்ளங்கையில் வைத்து, சிலுவை அடையாளம் இட்டு, தண்ணீரோடு விழுங்கினாள். மதியம் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் அவள் பைக்குள்ளேயே இருந்தது. பள்ளிக்கூட வாசலில் ரஃபியா வறண்ட உதட்டோடு, "சாப்ட்டீகளா டீச்சர்?" என்று கேட்டபோது, "ஒடம்பு நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

மாலையில் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. சமையலறையில் தனியாக நின்று, தொண்டையில் ஒரு கையை வைத்தபடி, விடிந்தபின் முதல் தடவையாக ஞானசெல்வி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.