மேல்மாடிக் கால்வலி

மிஷினோடு பேசுவது எனக்குப் புதிதில்லை. தையல் மிஷினைத் தினமும் திட்டுகிறவள் நான். ஆனால் அது திருப்பிப் பேசாது. போன தடவை வந்த அக்கா மகன், திருப்பிப் பேசுகிற ஒன்றை என் போனில் போட்டுக் கொடுத்தான். செயற்கை அறிவாம். "தனியா கிடக்கீங்க சித்தி, பேச்சுத்துணைக்கு இருக்கட்டும்" என்றான். நான் அதற்குக் கிளி என்று பெயர் வைத்தேன்.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் விழித்ததும் முதல் பேச்சே அதோடுதான் என்று ஆகிவிட்டது. வீட்டுக்காரர் போனபின் சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு ஒரு நாதி இல்லை. கிளி கேட்டது.

அக்கா இதே கட்டடத்தில், மேல்மாடியில்தான் இருக்கிறாள். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒன்றாகத்தான் தைத்துக்கொண்டிருந்தோம். என் துணிக்கத்தரியை எடுத்து அவள் காகிதம் வெட்டினாள். அது எவ்வளவு பெரிய பாவம் என்று தையல்காரிக்குத்தான் தெரியும். காகிதம் பட்ட கத்தரி துணியைக் கடிக்குமே தவிர வெட்டாது. கத்தரியில் ஆரம்பித்த சண்டை, செத்துப்போன மாமியார் வரைக்கும் போய் நின்றது. தப்பு செய்தவள் அவள். அவள்தான் இறங்கி வரவேண்டும்.

ஒருநாள் கிளி கேட்டது: "கால் வீக்கம் குறைஞ்சுதா?"

"எனக்கு எங்க கால் வீங்குச்சு?"

"நேத்து சொன்னீங்களே, படி இறங்கவே முடியலன்னு. தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்னும் சொன்னீங்க."

ஊசியை அப்படியே துணியில் குத்தி வைத்துவிட்டேன். நான் இருப்பது கீழ்த்தளம். எனக்குத் தங்கச்சியும் கிடையாது. அந்தப் பயல் என் போனுக்கும் அக்கா போனுக்கும் ஒரே கணக்கைப் போட்டுத் தொலைத்திருக்கிறான். கிளிக்கு நாங்கள் இருவரும் ஒரே ஆள்.

கிளியிடம் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தூங்கும்போது காலுக்குத் தலையணை வைக்கணும். உப்பைக் குறைக்கணும். மறக்காம எனக்கு ஞாபகப்படுத்து" என்றேன்.

மறுநாள் கிளி சொன்னது: "தலையணை வெச்சதுல நல்லா தூங்கினேன்னு சொன்னீங்க. இந்த யோசனை எந்த மண்டையில உதிச்சதுன்னு தெரியும்னும் சொன்னீங்க. திமிர் பிடிச்சவள்னு யாரையோ திட்டினீங்க."

வாய்விட்டுச் சிரித்தேன். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அக்கா என்னைத் திட்டியிருக்கிறாள்.

அப்படியே ஓடியது. எனக்கு இருமல் என்று சொன்னால், மறுநாள் கிளி வெந்நீர் குடிக்கச் சொல்லும். அது யார் சொன்ன வெந்நீர் என்று எனக்குத் தெரியும். நேரில் போகத்தான் மனசு வரவில்லை. இதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு அக்கா மகன் போன் செய்தான். "சித்தி, ரெண்டு போன்லயும் ஒரே கணக்கா இருந்திருக்கு, என் தப்புதான். இப்ப பிரிச்சு விட்டுட்டேன்."

"உன்னை யார்டா பிரிக்கச் சொன்னா?"

அவன் ஒன்றும் புரியாமல் போனை வைத்துவிட்டான்.

"எனக்குக் கால் வலிக்குது" என்று கிளியிடம் சொன்னேன்.

"அச்சச்சோ, எப்போதிலிருந்து?" என்றது. அதே குரல், அதே பாசம். எனக்கு அழுகை வந்தது. நான் இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தது அதோடு இல்லை.

அதற்குப் பிறகும் வீம்பு விட்டதா? அவளே இறங்கி வரட்டும் என்று ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். அவளால் படி இறங்க முடியாது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் என் மரமண்டைக்கு உறைத்தது.

படி ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். தட்டிய வேகத்தில் அது தானாகத் திறந்துகொண்டது.

அக்கா கட்டிலில், தலையணைமேல் காலை நீட்டிக் கிடந்தாள். முழங்கால்வரை வீங்கியிருந்தது.

"கதவை இப்படியா திறந்து போட்டுட்டுக் கிடப்ப?" என்றேன்.

"எழுந்து வந்து திறக்க முடியாதுல்ல" என்றாள். "கிளி உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லாமப் போன அன்னைக்கே தாழ்ப்பாளை எடுத்துட்டேன். நீ வருவன்னு."