மழையில் பேசும் ஓடுகள்

மனிதகுல முன்னேற்றத்தில் அக்கறை உள்ளோர் அனைவருக்கும் அறிவிப்பது: ஆலைக் கழிவில் செய்த நடைபாதை ஓடுகள், முதல் மழை பட்டதும் நாற்பது நிமிடம் சொற்பொழிவாற்றின. மழை விட்டதும் நிறுத்திக்கொண்டன.

அனல்மின் நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் மரத்தூளோடு பிசைந்து சுட்டால், தூள் எரிந்துபோய், அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாகும். மழைநீர் அதன் வழியே தரைக்குள் இறங்கும். தூள் இல்லையேல் துளை இல்லை. இதைச் சூளையம்மா, அதாவது சூளைக்குப் பொறுப்பான பெண், நடைபாதைத் திட்டத்தின் இயக்குநருக்கு ஏழு முறை எழுதிக் கொடுத்து மரத்தூள் கேட்டாள்; வரவில்லை. மழைக்கு முன் தெருவில் ஓடு பதித்து முடிக்காவிட்டால் சூளையை மூடி, அவளையும் பதினாறு பேரையும் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னவரும் அவர்தான்.

"சார், அந்த மரத்தூள்..."

"அம்மா, நான் உரை எழுதிட்டிருக்கேன். தொந்தரவு பண்ணாதீங்க."

எட்டாவது முறை அவள் எழுதவில்லை. கிடங்கில், அச்சிட்டு யாரும் வாங்காத அவருடைய பதினோரு வருட உரைகள் கூரைவரை கிடந்தன. "இதுவும் மரத்துல இருந்து வந்ததுதானே," என்று ஊறவைத்துக் கூழாக்கிக் கலவையில் கொட்டினாள். துளைகள் பிரமாதமாக விழுந்தன.

முதல் மழையில் தெருவில் சொட்டு நீர்கூடத் தேங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஓடும் இயக்குநரைப் போலவே கனைத்துக்கொண்டு, "பெருமதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்தது. மூலப்பொருள் தட்டுப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை என்றும் முழங்கியது.

"மழைக்குக் குடை பிடிக்கலாம், அக்கா. இதுக்கு எதைப் பிடிக்கிறது?" என்று அந்தத் தெருத் தையல்காரர் சூளையம்மாவிடம் வந்து நின்றார்.

"முடிஞ்சா அந்த மனுஷன் வாயைப் பிடிங்க. பதினோரு வருஷமா நானும் பார்க்கிறேன்."

இயக்குநர் சூளையம்மாவின் வேலைநீக்கக் கடிதத்தோடு அந்தத் தெருவுக்கே வந்தார். மழை பிடித்துக்கொண்டது. தன் உரையைக் கடைசிவரை நனைந்தபடி கேட்டார். கண்ணைத் துடைத்தார். தனியாகக் கைதட்டினார். கடிதம் கையிலேயே கரைந்துபோனது. ஊர் முழுக்க இதே ஓடு என்று உத்தரவிட்டார்.

ஒன்பது வருடத்தில் பதித்து முடித்தார்கள். சூளைக்கு ஊட்ட அவர் மாதம் ஓர் உரை அச்சிட்டார். ஊர்க்காரர்கள் வீட்டுச் சண்டைகளை வெயில் நாளுக்குத் தள்ளிவைக்கப் பழகினார்கள்; மழையில் தங்கள் குரல் தங்களுக்கே கேட்கவில்லை. தையல்காரர் காதுக்குப் பஞ்சுருண்டை தைத்து விற்றார். சூளையம்மா மட்டும் மாதாமாதம், பஞ்சு அடைத்த காதோடு, கோரிக்கை எழுதிக்கொண்டே இருந்தாள்.

மரத்தூள் இன்னும் வரவில்லை.