எழுபத்திரண்டு கிலோ

ரேஸ் படகின் அடியில் மல்லாந்து படுத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான் அவன். மறுநாள் போட்டி. அடிப்பாகத்தில் துளி பிசிறு இருந்தாலும் வேகம் போய்விடும். தேய்த்த தூளும் தண்ணீரும் கலந்து கழுத்தில் சொட்டின. முதுகுக்குக் கீழே தரை எந்நேரமும் ஈரம்தான். படுக்க ஒரு பலகை வேண்டும் என்று போன வருஷம் கேட்டுப் பார்த்தான். "மெத்தையும் தலகாணியும் வேணாமா?" என்று சிரித்துவிட்டுப் போனார் தலைமை மெக்கானிக்.

பட்டறையில் அவனுக்குப் பெயர் எடைக்கல்லு. படகை ஓட்டும் முதலாளி எழுபத்திரண்டு கிலோ; இவனும் சொல்லி வைத்தாற்போல அதே எடை. படகைத் தராசில் ஏற்றி முன்பாரம் பின்பாரம் பார்க்கும்போது இருக்கையில் ஓட்டுபவரின் எடை இருக்க வேண்டும். முதலாளிக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? பதினோரு வருஷமாக இவன்தான் உட்காருகிறான். தேய்ப்பவர்களில் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பியபோதும் எடைக்கல்லை மட்டும் விட்டு வைத்தார்கள்.

அந்த எடை ஆறு மாதமாகக் கரைந்துகொண்டிருந்தது. இருமல் விடவில்லை, சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, தூசி வேலையை உடனே விடச் சொன்னார்கள். விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவர்கள் சொல்லவில்லை. மனைவி ஒரு பழைய பனியனில் பை வைத்துத் தைத்து, ஆறு கிலோ ஈயத்துண்டுகளைப் போட்டுக் கொடுத்தாள். எடை பார்க்கும் நாளில் மட்டும் கக்கூசுக்குப் போய்ச் சட்டைக்குள் மாட்டிக்கொள்வான்.

"ஏறும்போது பாத்து ஏறுங்க, இடிச்சா சத்தம் கேக்கும்," என்றாள் அவள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

அன்று மதியமும் மாட்டிக்கொண்டு இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தான். மெக்கானிக் தராசுக்கு முன்னால் குனிந்தார்.

"நாலு கிலோ குறையுதே! முன்பக்கம் லேசா இருக்கு."

இவனுக்குப் புரிந்துவிட்டது. பனியன் தைத்த பிறகும் உடம்பு இறங்கியிருக்கிறது.

பெட்ரோலை அளந்தார்கள். தரைப்பலகையைக் கழற்றிப் பார்த்தார்கள். கடைசியில் மெக்கானிக் எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினார்.

"புது பேட்டரி போட்டியே, எடை பாத்தியா?"

"அதே எடைதாண்ணே, சத்தியமா."

"பொய் சொல்லாத. போட்டி முடியட்டும், உன்னை வச்சுக்கறேன்." அவர் டிரில்லைக் கையில் எடுத்தார். "மூக்குல நாலு கிலோ ஈயம் வச்சு முடுக்கிடலாம்."

நாளைக்கு முழு எடையோடு முதலாளி உட்காருவார்; அந்த நாலு கிலோ அதிகப்படி. மூக்கு கனத்தால் முழு வேகத்தில் அது தண்ணீரில் குத்தும். படகு தலைகுப்புறக் கவிழும். இவனுக்கு அது நன்றாகத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை மிஞ்சும் என்பதும் தெரியும். எலக்ட்ரீஷியன் அழாத குறையாக நின்றான். டிரில் சுற்றத் தொடங்கியது.

"அண்ணே, நிறுத்துங்க. படகு சரியாத்தான் இருக்கு. நான்தான் குறைஞ்சிருக்கேன்."

இறங்கி, சட்டையை அவிழ்த்து, பனியனைக் கழற்றித் தராசுக்குப் பக்கத்தில் வைத்தான். எலும்பு தெரியும் மார்பை யாரும் நேராகப் பார்க்கவில்லை.

"எத்தன நாளா இது?"

"ஆறு மாசமாண்ணே."

மெக்கானிக் வெளியே போய் முதலாளியிடம் போனில் பேசிவிட்டு வந்தார். குரல் தணிந்திருந்தது. "நல்ல வேளை சொன்ன. நீ வீட்ல ரெஸ்ட் எடு."

"எப்ப வரட்டும்ணே?"

"சொல்லி அனுப்புறோம்." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "போறதுக்கு முன்னாடி காஞ்ச மணலா எழுபத்திரண்டு கிலோ ரெண்டு மூட்டையில கட்டிக் குடுத்துட்டுப் போ. கணக்கா இருக்கணும்," என்றார்.

அவன் மணலைச் சலித்து அள்ளினான், இருமினான், மறுபடி அள்ளினான். எலக்ட்ரீஷியன் வந்து சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டான். மூட்டைகளை இருக்கையில் தூக்கி வைத்து, அவன் போடும் அதே பெல்ட்டைப் போட்டார்கள். தராசு சரியாகக் காட்டியது. மெக்கானிக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு.

அவன் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, பின்னால் மூட்டைகளை இறக்கும் சத்தம் கேட்டது.

"டேய், டேய், தரையில வைக்காத!" என்று பதறினார் மெக்கானிக். "ஈரம் ஏறுனா எடை கெட்டுடும். ஒரு பலகையக் கொண்டாந்து போடு."

உடனே போட்டார்கள்.